கோணங்கியின் உரிமை: மனோரமாவும் காவிரிக் கரை மேடையும்

மனோரமா என்ற பெயரைச் சொன்னதும் எண்கள் வந்து வரிசையில் நிற்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், கின்னஸ் புத்தகத்தில் இடம், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்த பெருமை, 2002-இல் பத்மஸ்ரீ. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் அவர் எவ்வளவு உழைத்தார் என்பதைச் சொல்லுமே தவிர, கலையில் என்ன செய்தார் என்பதைச் சொல்லாது. ஆயிரம் படத்தில் தலைகாட்டியவரைச் சாதனையாளர் என்று வாழ்த்திவிட்டு நகர்ந்துவிடலாம். அவருக்கு முன் எது இல்லை, அவருக்குப் பின் எது வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. தமிழ் மேடையிலும் திரையிலும் சிரிக்கவைக்கும் பெண் நெடுங்காலம் ஒரு ஜோடியின் பாதியாகவே இருந்து வந்தாள். கூட்டத்தைப் பார்த்து நேராகப் பேசவும், பெரியவர்களைக் கேள்வி கேட்கவும், கதைக்கு வெளியே ஒரு காலை வைத்துக்கொண்டு கதையைக் கேலி செய்யவும் உள்ள உரிமை கோணங்கிக்கும் பபூனுக்கும் கட்டியக்காரனுக்கும் உரியதாக இருந்தது. அவர்கள் எல்லோரும் ஆண்கள். அந்த உரிமையை ஜோடியின் தயவு இல்லாமல் தன் கையில் எடுத்துக்கொண்ட பெண் மனோரமா என்பது என் வாதம். தஞ்சை மண்ணின் உச்சிக் கலையான நாகஸ்வரத்துக்கு எதிரே நின்று அதை அவர் செய்தார் என்பதை ஒரு தற்செயலாக நான் நினைக்கவில்லை.

காவிரிப் படுகையின் மேடை மரபைப் பார்த்தால் இந்த உரிமை எவ்வளவு பழையது, எவ்வளவு காவலுக்கு உட்பட்டது என்பது விளங்கும். தஞ்சாவூருக்குப் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில், திரை விலகியதும் முதலில் வருபவன் கோணங்கி. கூம்புத் தொப்பியோடு ஆடிக்கொண்டே வந்து சபையை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறான். பிரகலாதனின் தாய் லீலாவதி உட்பட எல்லாப் பெண் வேடங்களையும் ஆண்களே கட்டும் அந்த மேடையில், சிரிப்பும் ஆணுடையதே. தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையே மறித்துப் பேசுவான்; அவனும் ஆண். பெண்ணுக்கு நகைச்சுவை கிடைத்த இடம் குறவஞ்சி. இரண்டாம் சரபோஜி மீது கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பெரிய கோயிலில் தேவரடியார்கள் ஆடினார்கள். குறத்தியான சிங்கி அதில் வாயாடிதான். ஆனாலும் அவளுடைய சாமர்த்தியம் முழுதும் வெளிப்படுவது கணவன் சிங்கன் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது. அவன் கேட்பான், அவள் மடக்குவாள். பதில் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், பேச்சைத் தொடங்கும் இடம் அவளுடையதில்லை. சிங்கனும் சிங்கியும் போட்ட இந்த அச்சு அடுத்த நூற்றைம்பது வருடம் அழியவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த ஸ்பெஷல் நாடகத்திலும் இதே அமைப்புத்தான். ஒத்திகை இல்லை, நிரந்தரக் கம்பெனி இல்லை. ஊருக்கு ஊர் தனித்தனியாக அச்சாரம் வாங்கிக்கொண்டு வந்து சேரும் நடிகர்கள் விடிய விடிய வள்ளி திருமணம் ஆடுவார்கள். முன்னிரவில் பபூன் தனியாக வந்து கூட்டத்தோடு பேசிச் சிரிக்கவைத்த பிறகுதான் டான்ஸ்காரப் பெண் நுழைவாள். அவன் சொல்லச் சொல்ல அவள் எதிர்வாதம் செய்ய, அந்த வாக்குவாதமே நகைச்சுவை. மதுரையை மையமாக வைத்து இந்தக் கலைஞர்களோடு நெடுநாள் பழகி ஆராய்ந்த சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 2005-இல் வெளியிட்ட நூலில், இந்தப் பெண்கள் சுமந்த அவப்பெயரை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பபூனைப் பார்த்துச் சிரித்த ஊர், அவனோடு சேர்ந்து சிரிக்கவைத்த பெண்ணை விடிந்ததும் வேறு கண்ணால் பார்த்தது. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கதை இதற்கு ஒரு விலக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களை மட்டுமே கொண்டு ஒரு நாடகக் கம்பெனி நடத்தி, அவர் நாடகம் பார்க்க ஸ்பெஷல் ரயில் விடும் அளவுக்குப் புகழ்பெற்றார். ஆனால் அவருடைய பெயர் அழகாலும் பாட்டாலும் ஆடம்பரமான காட்சிகளாலும் வந்தது. சிரிக்கவைக்கும் பெண்ணுக்குத் தனி மேடை அவர் காலத்திலும் அமையவில்லை.

சினிமா வந்தபோது ஜோடியையும் அப்படியே எடுத்துக்கொண்டது. ‘சபாபதி’யில் (1941) காளி என். ரத்னத்தோடு சி.டி. ராஜகாந்தம், என்.எஸ். கிருஷ்ணனோடு டி.ஏ. மதுரம், பிறகு கே.ஏ. தங்கவேலுவோடு எம். சரோஜா. இவர்களில் யாரும் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. மதுரத்தின் நேர அளவும் முகபாவமும் கிருஷ்ணனுக்கு ஒரு படி மேல் என்று வாதாடக்கூட இடம் உண்டு. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் சிறையில் இருந்த நாட்களில் குழுவைக் கலையாமல் காத்தவரும், ‘பைத்தியக்காரன்’ (1947) படத்தில் இரட்டை வேடம் ஏற்றவரும் அவரே. தனியாக நிற்கும் வலு அவருக்கு இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் கணவர் விடுதலையாகி வந்ததும் ‘என்.எஸ்.கே.–மதுரம்’ என்ற ஒற்றைப் பெயருக்குள் மறுபடி அவர் போய்ச் சேர்ந்தார். அப்படி ஓர் இடம்தான் ரசிகர்களின் மனத்தில் இருந்தது. ஜோடி உடைந்தால் பெண்ணுக்கு வேலை இல்லை. ஆண் மட்டும் வேறு ஜோடி தேடிக்கொள்வான்.

இந்த நிலையில்தான் 1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா வருகிறார். தகப்பனார் கைவிட்ட பிறகு, தாயார் குழந்தையோடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்குப் போய், வீட்டு வேலை செய்து பிழைத்தார். பன்னிரண்டு வயதுவாக்கில் நாடக மேடை ஏறிய பெண்ணுக்கு மேடைக்காரர்கள் வைத்த பெயர் மனோரமா. ‘பள்ளத்தூர் பாப்பா’ என்ற பெயரும் அங்கே ஒட்டிக்கொண்டது. வைரம் நாடக சபா, அதன் பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றம் என்று வளர்ந்து, கருணாநிதியின் ‘மணிமகுடம்’ நாடகத்தில் ஊர் ஊராக நடித்தார். அண்ணாவோடும் கருணாநிதியோடும் மேடையில் நின்றார். ஐந்து முதலமைச்சர் என்ற கணக்கில் முதல் இரண்டு பேர் இப்படி நாடகம் வழியாக வந்தவர்கள், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமாராவ் மூவரும் சினிமா வழியாக. வாழ்க்கை வரலாற்றில் இந்தப் பகுதியை எல்லோரும் அவசரமாகத் தாண்டுகிறார்கள், ஏழைப் பெண் முன்னேறிய கதையாகச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு இதுவே அவருடைய கலையின் அடித்தளமாகப் படுகிறது.

ஏனென்றால் அந்த நாடக மேடை அவரைக் கதாநாயகியாக நிற்கவைத்தது. திராவிட இயக்க நாடகத்தின் வசனம் மூச்சை அளந்து பேச வேண்டியது. எதுகையும் மோனையும் அடுக்கும் சங்கிலி போல நீள, ஓர் எழுத்து தவறினாலும் கைதட்டல் போய்விடும். ஒலிபெருக்கி சரியில்லாத ஊரில் கடைசி வரிசைப் பாய் வரைக்கும் அந்தத் தமிழைக் கொண்டு சேர்க்கப் பழகிய தொண்டை, பிற்பாடு கொச்சை பேசியபோது அந்தக் கொச்சையிலும் ஓர் எழுத்து மங்கவில்லை. செட்டிநாட்டுப் பேச்சு, மெட்ராஸ் சேரிப் பேச்சு, பிராமண வீட்டுப் பேச்சு, கொங்குப் பேச்சு என்று அவர் வாயில் புழங்கிய தமிழ்களைப் பலர் வியந்திருக்கிறார்கள். வட்டாரச் சொற்களை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். மனோரமா பிடித்தது அந்தப் பேச்சின் தாளத்தை. எங்கே இழுப்பது, எங்கே முழுங்குவது, எந்த அசையில் கோபம் ஏறும், எந்த இடத்தில் மூச்சு நிற்கும் என்பதையெல்லாம் காதால் பிடித்தார். ‘பொம்மலாட்டம்’ (1968) படத்தில் வி. குமார் இசையில் அவர் பாடிய ‘வா வாத்தியாரே ஊட்டாண்ட’ பாட்டைக் கேட்டால் இது தெரியும். காரைக்குடிப் பக்கம் வளர்ந்த ஒருவர் சென்னையின் குப்பத்துத் தமிழைப் பாட்டுக்குள் வைத்து, சுருதியும் கெடாமல் நையாண்டியும் ஆகாமல் பாடியிருக்கிறார். பாடவும் ஆடவும் பேசவும் ஒருவரே என்பது ஸ்பெஷல் நாடகக்காரர்களின் பழைய ஒழுங்கு. பின்னணிப் பாடகி இரவல் குரல் கொடுக்கும் காலத்தில் அந்த ஒழுங்கைச் சினிமாவுக்குள் கொண்டுவந்த மிகச் சிலரில் அவர் ஒருவர்.

கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ (1958) அவருடைய முதல் படம், நகைச்சுவை வேடம். மேடையில் கதாநாயகியாக நின்ற பெண்ணுக்கு அது இறக்கமாகப் பட்டிருக்கும். தம்மால் நகைச்சுவை செய்ய முடியும் என்று முதலில் நம்பியவர் கவிஞரே என்று மனோரமா பிற்காலத்தில் நன்றியோடு சொல்லிவந்தார். 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகி வாய்ப்பும் வந்து போனது. அதற்குப் பிறகு நாகேஷ். அறுபதுகளில் நாகேஷ்–மனோரமா என்பது சுவரொட்டியில் தனியாக அச்சடிக்கத் தகுந்த பெயர். இங்கேயும் ஜோடிதானே என்று கேட்கலாம். ஆமாம், ஜோடிதான், சந்தை அதைத்தான் கேட்டது. வேறுபாடு அடுத்து நடந்ததில் இருக்கிறது. சோ, தேங்காய் சீனிவாசன் என்று எதிரே நிற்பவர் மாறிக்கொண்டே இருந்தார். ஒரு ஜோடி முடிந்த இடத்தில் மனோரமா முடியவில்லை. ராஜகாந்தத்துக்கும் மதுரத்துக்கும் நடக்காதது இது. அப்படி நடந்ததற்குக் காரணம், ஜோடி உச்சத்தில் இருந்தபோதே அவர் அதற்கு வெளியே ஒரு வேடத்தை நிறுவிக்காட்டிவிட்டதுதான்.

1968 ஜூலையில் வெளியான ‘தில்லானா மோகனாம்பாள்’ தஞ்சை ஜில்லாவின் படம். கதாநாயகன் சிக்கல் சண்முகசுந்தரம், கதாநாயகி திருவாரூர் மோகனாம்பாள்; நாகஸ்வரமும் சதிர் ஆட்டமும் ஒன்றோடொன்று போட்டி போடும் கதை. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் ‘கலைமணி’ என்ற பெயரில் தொடராக எழுத, தஞ்சாவூர்க்காரரான கோபுலு படம் வரைந்து புகழ்பெற்றது அது. இந்தப் படத்தில் நாகேஷ் இருக்கிறார், சவடால் வைத்தியாக. ஆனால் அவர் போகும் பாதை வேறு. மனோரமா ஏற்ற ஜில் ஜில் ரமாமணிக்கு எதிரே நிற்பவர் பெரும்பாலும் சிவாஜி கணேசன். அதாவது நகைச்சுவை நடிகையை நகைச்சுவை நடிகரிடமிருந்து பிரித்து, படத்தின் மிகப் பெரிய கம்பீரத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். ரமாமணி கொட்டகையில் ஆடிப்பாடிப் பிழைப்பவள். சண்முகசுந்தரம், நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போன்றவர்கள் ஏற்படுத்திக் கொடுத்த மிடுக்கின் வாரிசு. வித்வான் என்றால் சமஸ்தானமே எழுந்து நிற்க வேண்டும் என்ற தலைமுறை.

சண்முகசுந்தரம் வாசித்து முடிக்கிறார். சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் ஓய்ந்ததும் ரமாமணி மனம் இளகிப்போய் ஒரு கேள்வி கேட்கிறாள்: இந்த மாதிரிச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா? இந்தக் கேள்விக்குச் சங்கீத உலகத்தில் பதில் கிடையாது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த எல்லா நாயனமும் ஒரே மாதிரித்தான். வித்தியாசம் வாசிப்பவனிடம் இருக்கிறது என்பதை அந்தக் கலையில் ஊறியவர்கள் சொல்லாமலே விட்டுவிடுவார்கள், கேட்பதும் அநாகரிகம். அவள் கேட்டுவிடுகிறாள். அரங்கு வெடித்துச் சிரிக்கிறது. மனோரமா அந்த இடத்தை எப்படிச் செய்கிறார் என்று கவனித்துப் பார்க்க வேண்டும். கண்ணைச் சிமிட்டவில்லை, கூட்டத்திடம் சிரிப்பை யாசிக்கவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, சொற்களை இழுத்து, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் ஒருத்தியின் முகத்தோடு கேட்கிறார். கேலி அவள் மேல் விழாமல் இருப்பதற்கு அந்த முகமே காரணம். அவளுடைய கேள்வியில் அறியாமையும் இருக்கிறது, மெய்யான பாராட்டும் இருக்கிறது. உண்மையில் அதைவிடப் பெரிய பாராட்டை அந்தப் படத்தில் வேறு யாரும் அந்த வித்வானுக்குச் சொல்லவில்லை. மெலட்டூரில் கோணங்கிக்கும், கூத்தில் கட்டியக்காரனுக்கும் இருந்த வேலை இதுவே: சபை கேட்கத் துணியாததைக் கேட்பது. இந்த முறை அதைச் செய்தது ஒரு பெண், அதுவும் ஊர் இழிவாகப் பார்த்த டான்ஸ்காரியின் வேடத்தில்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். கதை சுப்புவுடையது, வசனமும் இயக்கமும் ஏ.பி. நாகராஜனுடையவை; அவர்கள் எழுதிக் கொடுத்ததை நடித்தவருக்கு இவ்வளவு பெருமையா? நாகராஜனின் பங்கை நான் குறைக்க மாட்டேன். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சிறுவனாகப் பெண் வேடம் போட்டு வளர்ந்தவர் அவர். மேடைப் பெண்ணின் வாழ்க்கையை வெளியிலிருந்து பார்த்துச் சிரிக்கும் ஆள் இல்லை. அந்த வேடத்தில் ஒரு துளி வன்மமும் இல்லாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், அதே கேள்வியை ஓர் அசட்டுப் பெண்ணின் உளறலாகப் பேசிவிடவும் முடியும். அப்படிப் பேசியிருந்தால் சிரிப்பு வந்திருக்கும், ரமாமணி செத்திருப்பாள். ‘தில்லானா’ வெளிவந்த பிறகு எத்தனை மிமிக்ரிக் கலைஞர்கள், எத்தனை கோயில் திருவிழா மேடைகளில் அந்த வசனத்தைப் பேசிக் காட்டியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இழுவையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கேட்டால் அசடு ஒருத்தி பேசுவது போலத்தான் இருக்கிறது. ஒரே சொற்கள், இரண்டு வேறு பெண்கள். எழுத்துக்கும் நடிப்புக்கும் நடுவில் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. மனோரமா நடித்த நூற்றுக்கணக்கான வேடங்கள் பெண்ணை மட்டம் தட்டுபவை. கல்யாணம் ஆகாத முதிர்கன்னியின் ஏக்கம், உடம்பைப் பற்றிய கிண்டல், வேலைக்காரியின் வாய்த்துடுக்கு என்று திரும்பத் திரும்ப வந்தவை. ‘நடிகன்’ (1990) படத்தில் கிழவராக வேடமிட்ட சத்யராஜிடம் மனத்தைப் பறிகொடுக்கும் வயதான பெண்ணை, அந்த வயதில் ஆசையா என்று சிரிப்பதற்காகவே எழுதியிருக்கிறார்கள். இதை அவர் மறுத்திருக்கலாமே என்பது சுலபமான கேள்வி. அந்தத் தொழிலில் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர்கள் அனைவரும் ஆண்கள். நாகேஷுக்கும் பிறகு கவுண்டமணிக்கும் ஏ. வீரப்பன் போன்ற தனி எழுத்தாளர்கள் அமைந்தார்கள். ஒரு பெண்ணுக்காக, அவளை நடுவில் வைத்து எழுத யாரும் இல்லை. இந்த எல்லைக்குள் அவர் செய்தது என்ன என்பதைத்தான் எடைபோட முடியும். ‘நடிகன்’ படத்திலேயே பார்க்கலாம்: அந்தப் பெண் கண்ணாடி முன்னால் நாணப்படும்போது மனோரமா அந்த நாணத்தைப் பொய்யாக்கவில்லை. படம் சிரிக்கச் சொல்கிறது, முகம் வேறொன்றைச் சொல்கிறது. எல்லாப் படத்திலும் இப்படி நடந்தது என்று சொன்னால் அது பொய். பல படங்களில் அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அன்றாடம் மூன்று படப்பிடிப்பு பார்த்த ஒருவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது. ஆனால் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தின் வேலைக்காரி கண்ணம்மா போன்ற வேடங்களில், விசு எழுதிய வசனத்தைத் தாண்டி, அந்த வீட்டில் மற்ற யாருக்கும் இல்லாத நேர்மையோடு ஓர் ஆள் உருவாகி நிற்கிறாள். எசமானர்களால் பேச முடியாததை அவள் போய்ச் சம்பந்தி வீட்டு வாசலில் கூச்சல் போட்டுப் பேசுகிறாள். வீட்டுக்கு வெளியே நிற்பவள் என்பதாலேயே அவளுக்கு அந்தச் சுதந்திரம். கோணங்கியின் வேலை குடும்பக் கதைக்குள்ளும் தொடர்கிறது.

மூன்றாவதாக ஒரு சின்ன மறுப்பு, ஊர்க்காரர்களிடமிருந்து. மன்னார்குடியில் பிறந்தாரே தவிர வளர்ந்தது பள்ளத்தூரில். எல்லோரும் அவரை அழைத்த ‘ஆச்சி’ என்ற பெயரே செட்டிநாட்டுப் பெயர். தஞ்சாவூர் எப்படி உரிமை கொண்டாடும்? பிறப்புப் பெருமையாகச் சொன்னால் உரிமை இல்லைதான். ஆனால் அந்தக் காலத்து நாடகக்காரர்களுக்கு ஜில்லா எல்லை கிடையாது. சம்பா அறுப்பு முடிந்து, கையில் காசும் வயலில் ஈரமில்லாத வெற்றிடமும் இருக்கும் மாசி, பங்குனி, சித்திரையில்தான் டெல்டா ஊர்களில் திருவிழாவும் நாடகமும். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்துக் கிராமங்கள் கூப்பிட, புதுக்கோட்டை, காரைக்குடி, மதுரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நெல் விளையும் மண் பார்வையாளரைக் கொடுத்தது, வறண்ட மண் நடிகரைக் கொடுத்தது. பள்ளத்தூரில் பழகிய ஒரு தொண்டை தஞ்சை ஜில்லாவின் வித்வானைப் பார்த்துக் கேள்வி கேட்ட படத்தில் இந்த இரண்டு நிலமும் சந்தித்துக்கொண்டன.

எண்பதுகளின் இறுதியிலிருந்து அவர் அம்மாவாகவும் அப்பத்தாவாகவும் மாறினார். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989), ‘சின்னத்தம்பி’ (1991), ‘சின்னக் கவுண்டர்’ (1992) வரிசையில் அந்த வேடங்கள் நன்றாகவே நினைவில் நிற்கின்றன. ‘புதிய பாதை’க்குத் (1989) துணை நடிகைக்கான தேசிய விருதும் கிடைத்தது. நகைச்சுவைக்கு என்று ஒரு தேசிய விருது அவருக்குக் கிடைக்கவில்லை. அழவைத்தபோதுதான் தேர்வுக் குழு அவரைக் கண்டது. இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் அழுகையில் அவருக்கு நிகராக வேறு சிலர் இருந்தார்கள்.

அவருக்கு அடுத்து அந்த இடத்துக்கு வரக்கூடியவராக இருந்தவர் கோவை சரளா. ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தில் கவுண்டமணி, செந்தில் குழுவில் ஒருவராக நின்றவர், ‘சதிலீலாவதி’யில் (1995) கமல்ஹாசனுக்கு எதிரே முழுப் படத்தையும் கொங்குத் தமிழில் தூக்கிச் சுமந்தார். பாலு மகேந்திராவின் இயக்கம், கிரேசி மோகனின் வசனம். பெண்ணை நடுவில் வைத்து எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் படமே சான்று. ஆனால் அதற்குப் பிறகு அவரை வடிவேலுவை அடிக்கும் மனைவியாக, மீண்டும் ஜோடிக்குள் கொண்டுபோய் விட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் நாடகக் கம்பெனிகள் மூடிவிட்டன. மனோரமாவுக்குப் பத்து வருடம் கிடைத்த அந்தப் பயிற்சி, அதாவது ஒரு ராத்திரி கதாநாயகியாகவும் மறு ராத்திரி பபூனுக்கு எதிராகவும் நின்று, ஆயிரம் பேர் முன்னால் தனியாகத் தாக்குப்பிடிக்கும் பழக்கம், சினிமாவுக்கு நேராக வந்த யாருக்கும் வாய்க்கவில்லை. அந்தப் பயிற்சியை இன்னும் கொடுத்துக்கொண்டிருப்பது ஸ்பெஷல் நாடகம் ஒன்றுதான். புதுக்கோட்டைக்கும் மதுரைக்கும் நடுவில் சித்திரைத் திருவிழாக்களில் இப்போதும் பபூனோடு வாதாடும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போக இன்றைய சினிமாவுக்குத் தோன்றவில்லை.